ஊசிக்குப் பிறகு தசை: புரோஸ்டேட் புற்றுநோயில் உடற்பயிற்சியை எதைக் கொண்டு அளப்பது?

புரோஸ்டேட் புற்றுநோயாளிக்கு உடற்பயிற்சி நல்லது என்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. எப்படி நல்லது என்று கேட்டால், உடலில் அழற்சி குறைகிறது என்ற விடையே முதலில் வருகிறது. ஹார்மோன் ஒடுக்கச் சிகிச்சையில் இருப்பவர்களைப் பொறுத்தவரை இந்த விடை போதாது. அவர்களுக்குக் கிடைக்கும் உறுதியான பயன் தசையைச் சார்ந்தது. அழற்சியையோ நாம் பொருந்தாத நேரத்தில் அளந்துகொண்டிருக்கிறோம்.

ஆண் ஹார்மோனை அகற்றினால் பரவிய புரோஸ்டேட் புற்று பின்வாங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸும் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும் 1941இல் காட்டினர். ஹக்கின்ஸுக்கு 1966இல் நோபல் பரிசு கிடைத்தது. அன்று அறுவை செய்த வேலையை இன்று லூப்ரோலைடு, கோசரெலின் போன்ற ஊசிகள் செய்கின்றன. ஆனால் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் புற்றை மட்டும் வளர்ப்பதில்லை. தசையையும் அதுதான் காக்கிறது. மேத்யூ ஸ்மித் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், 48 வார லூப்ரோலைடு சிகிச்சைக்குப் பின் கொழுப்பு 9.4 விழுக்காடு கூடி, கொழுப்பற்ற உடல் எடை 2.7 விழுக்காடு குறைந்திருந்தது. உணவுக்குப் பின் இரத்தத்திலுள்ள குளுக்கோஸின் பெரும்பகுதியை உள்ளிழுப்பது தசையே. அது குறுகிக் கொழுப்பு பெருகும்போது இன்சுலினுக்கு உடல் மந்தமாகவே பதில் சொல்லும். 73,000க்கும் மேற்பட்ட முதியவர்களின் பதிவுகளை ஆராய்ந்த நான்சி கீட்டிங் குழு, இந்த ஊசி பெற்றோருக்கு நீரிழிவு அபாயம் ஏறத்தாழ 44 விழுக்காடு கூடுதல் என்று 2006இல் அறிவித்தது. 2010இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இம்மருந்துகளின் விவர ஏட்டில் நீரிழிவு, இதயநோய் எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது.

இந்த மாற்றம் நாம் அறிந்த வளர்சிதை மாற்ற நோய்த்தொகுப்பின் மறுபதிப்பு அன்று. ஸ்மித் குழுவின் 2008ஆம் ஆண்டு ஆய்வில் கொழுப்பு கூடியது. ஆனால் நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். உயர்ந்தது, கொழுப்புத் திசு சுரக்கும் அடிப்போனெக்டின் என்ற ஹார்மோனும் உயர்ந்தது, இரத்த அழுத்தம் மாறவில்லை. அழற்சியின் அடையாளமாகக் கொள்ளப்படும் சி-ரியாக்டிவ் புரதமும் மாறவில்லை. என் வாதத்துக்கு இதுவே அடிப்படை. சிகிச்சை உயர்த்தாத ஒரு குறியீட்டை உடற்பயிற்சி தாழ்த்துகிறதா என்று தேடி, தாழாதபோது பயிற்சி பயனற்றது என முடிவுகட்டுவது பிழையான தருக்கம். பெர்த் நகரின் எடித் கோவன் பல்கலைக்கழகத்தில் டேனியல் கல்வாவோ குழு 57 பேரிடம் 12 வாரம் நடத்திய சோதனையில் (2010) அப்புரதம் குறைந்தது உண்மைதான். பிற சோதனைகள் சிலவற்றில் அது குறையவில்லை. அதே பெர்த் சோதனையில் தசையும் வலிமையும் கூடி, களைப்பு தணிந்ததையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

அப்படியானால் அழற்சி வாதத்தைக் கைவிடலாமா? கூடாது, அளக்கும் நேரத்தை மாற்ற வேண்டும். சுருங்கி விரியும் தசை இன்டர்லூகின்-6 என்ற சமிக்ஞைப் புரதத்தை இரத்தத்தில் விடுகிறது என்று கோபன்ஹேகனில் பெண்டே பெடர்சன் குழு காட்டியது. முற்றிய புரோஸ்டேட் புற்றில் இதே பொருள் ஓயாமல் உயர்ந்திருப்பது தீய அறிகுறி. பயிற்சியின்போது அது சில மணி நேரம் மட்டும் எழுந்து தணிகிறது. பின்தொடர்ந்து அழற்சியை அடக்கும் இன்டர்லூகின்-10 எழுகிறது. ஆரோக்கியமான ஆண்களுக்கு நுண்ணுயிர் நச்சைச் செலுத்திய சோதனையில், முன்னதாகச் சைக்கிள் மிதித்தவர்களிடம் அழற்சியைத் தூண்டும் கட்டி நசிவுக் காரணியின் எழுச்சி அடங்கியது. ஓய்வு நாளில் காலையில் எடுக்கும் ஒரேயொரு இரத்த மாதிரியில் இந்த ஏற்ற இறக்கம் அகப்படாது.

புற்றையே பயிற்சி தடுக்குமா என்பதில் நிதானம் வேண்டும். கனடாவின் ‘இரேஸ்’ சோதனையில் (2021), உடனடிச் சிகிச்சையின்றிக் கண்காணிப்பில் மட்டும் இருந்த 52 பேரிடம் 12 வாரத் தீவிர இடைவெளிப் பயிற்சி, புரோஸ்டேட் சுரக்கும் பி.எஸ்.ஏ. புரதத்தின் அளவைக் குறைத்தது, அவர்களின் இரத்த நீர்மம் ஆய்வகப் புற்றணுக்களின் வளர்ச்சியையும் மட்டுப்படுத்தியது. ஊக்கம் தரும் முடிவு. ஆயினும் சிறிய சோதனை. 2,705 பேரைத் தொடர்ந்த ஸ்டேசி கென்ஃபீல்டின் ஆய்வில் (2011) கடுமையாக உடற்பயிற்சி செய்தோரின் புரோஸ்டேட் புற்றுநோய் இறப்பு 61 விழுக்காடு குறைவாக இருந்தது. அது அவதானிப்பில் கண்ட தொடர்பு மட்டுமே, காரணத்துக்குச் சான்று அன்று. நோய் தணிந்திருந்தவர்களாலேயே கடுமையாக இயங்க முடிந்திருக்கலாம்.

ஆகவே, முதல் ஊசியோடு எடைப்பயிற்சியும் தொடங்கட்டும். எலும்பில் புற்று பரவியவர்களுக்கு அந்த இடத்தில் பளு ஏறாதபடி வகுத்த பயிற்சி, பயிற்றுநர் மேற்பார்வையில். அடுத்த சோதனைகள் தசை அளவையும் இன்சுலின் உணர்வையும் முதன்மை விளைவாகக் கொள்ளட்டும். அழற்சிக்கான இரத்தம் பயிற்சிக்கு முன், முடிந்த உடன், சில மணி நேரம் கழித்து என மும்முறை எடுக்கப்படட்டும்.