திறந்த பட்டயம்

ஆங்கிலத்தில் ‘பேட்டண்ட்’ என்று வழங்குவதைத் தமிழில் ‘காப்புரிமை’ என்கிறோம். அரசாங்க ஏடுகளைத் தமிழாக்கும் பணியிலே இச்சொல் எதிர்ப்படும்போதெல்லாம் நாம் சற்றே தயங்குவதுண்டு. சொல் பிழையன்று, எனினும் அது பாதிப் பொருளையே உரைக்கின்றது. ‘பேட்டண்ட்’ என்பதன் வேர் இலத்தீன் மொழியில் ‘திறந்திருத்தல்’ என்னும் பொருளுடையது. ஐரோப்பிய மன்னர்கள் மடித்து முத்திரையிட்டு அனுப்பிய மடல்கள் ஒருவகை. எவரும் படிக்குமாறு திறந்தபடியே முத்திரையைத் தொங்கவிட்டு அளித்த பட்டயங்கள் மற்றொரு வகை. பின்னவற்றின் பெயரே இன்றும் நிலைத்திருக்கிறது.

பட்டயத்தின் உட்கருத்து ஓர் ஒப்பந்தம். கண்டுபிடித்தவர் தம் நுட்பத்தை ஒளிக்காமல் எழுதித்தர வேண்டும். அதற்கு ஈடாக, தம் இசைவின்றிப் பிறர் அதனைச் செய்வதையும் விற்பதையும் தடுக்கும் உரிமை குறித்த ஆண்டுகளுக்கு அவருக்குக் கிட்டும். தவணை முடிந்தபின் அது அனைவர்க்கும் பொது. வெனிஸ் நகரக் குடியரசு 1474-ஆம் ஆண்டிலேயே 10 ஆண்டுத் தவணையுடன் இத்தகைய சட்டமொன்றை இயற்றியது. காத்தலும் திறத்தலுமாகிய இவ்விரண்டும் நடைமுறையில் எவ்வாறு அமைந்தன என்பதை மூன்று பொருள்களின் வரலாற்றால் காண்போம்.

முதலாவது, துளையிட்ட அட்டை. அமெரிக்க நாட்டின் 1880-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கைத் தொகுத்து முடிக்க ஏழாண்டுகளுக்கு மேலாயிற்று. அடுத்த கணக்கு வருமுன் முந்தையது முடியுமா என்னும் ஐயம் எழுந்தது. அக்கணக்குப் பணியில் இருந்த ஹெர்மன் ஹாலரித் என்னும் இளைஞர், ஒவ்வொருவரைப் பற்றிய செய்தியையும் ஓர் அட்டையிலே துளைகளாகப் பதிக்கும் வழியைக் கண்டார். ரெயில் சீட்டில் பயணியின் அடையாளங்களை நடத்துநர் துளையிட்டுக் குறிப்பதைக் கண்டமை அவருக்கு வழிகாட்டியது. பட்டுத் தறியில் பூவேலையைத் துளை அட்டையால் இயக்கும் ஜக்கார்டு முறை அதற்கும் முந்தையது. காஞ்சிபுரத்துத் தறிகளை அறிந்தோர்க்கு அது புதிதன்று. ஹாலரித்தின் பொறியில் அட்டையின் மேல் ஊசிகள் இறங்கும். துளையுள்ள இடத்தில் ஊசி புகுந்து அடியிலுள்ள பாதரசத்தைத் தொடும். மின்சாரம் ஓடிக் கணக்கு முள் ஓரெண் நகரும்.

1889 ஜனவரி 8-ஆம் நாள் இதற்குப் பட்டயம் கிடைத்தது. மறு ஆண்டிலேயே ஆறு கோடிக்கு மேற்பட்ட மக்களின் கணக்கு இப்பொறிகளால் எடுக்கப்பெற்றது. ஆயின் பொறிகளை ஹாலரித் வாடகைக்கே தந்தார். வாடகை மிகுதி என்று குடிக்கணக்கு அலுவலகம் மனம் கசந்தது. அந்நாளைய அமெரிக்கச் சட்டத்தின்படி பட்டயத்தின் தவணை 17 ஆண்டுகள். 1906-இல் அது முடிந்தது. அலுவலகத்தார் ஜேம்ஸ் பவர்ஸ் என்பவரைக் கொண்டு தமக்கெனப் பொறிகள் செய்வித்து 1910-ஆம் ஆண்டுக் கணக்கிற்குப் பயன்படுத்தினர். ஹாலரித்தின் நிறுவனம் 1911-இல் வேறு சில நிறுவனங்களோடு இணைந்து, 1924-இல் ஐ.பி.எம். என்று பெயர் மாறியது. அதே நிறுவனம் 1956-இல் 50 காந்தத் தட்டுகளில் 50 இலட்சம் எழுத்துகளைச் சேமிக்கும் கருவியை வெளியிட்டது. துளை தட்டாக மாறிற்று. செய்தியைப் பொறிக்குப் புரியும் குறியாக்கிச் சேமிக்கும் எண்ணமோ தொடர்ந்தது.

இரண்டாவது, மூடியிட்ட பிளாஸ்டிக் கிண்ணம். பாலித்தீன் என்னும் பொருள் 1933-இல் இங்கிலாந்திலே தற்செயலாகக் கிடைத்தது. அமெரிக்கரான எர்ல் டப்பர் அதனைப் பண்படுத்திக் கிண்ணங்கள் வார்த்தார். வண்ணப்பூச்சு டப்பியின் மூடியைப் பார்த்துக் காற்றுப்புகாத மூடியொன்றும் அமைத்தார். 1947-இல் விண்ணப்பித்து 1949-இல் பட்டயம் பெற்றார். ஆயினும் கிண்ணங்கள் கடைகளிலே தேங்கின; மூடியை அழுத்திக் காற்றை வெளியேற்றும் வகையை வாங்குவோர் அறிந்திலர். பிரௌனி வைஸ் என்னும் பெண்மணி வீடுதோறும் மகளிரைக் கூட்டி, செய்து காட்டி விற்கும் முறையைப் பெருக்கினார். 1951-இல் டப்பர் தம் சரக்கைக் கடைகளிலிருந்து மீட்டுக்கொண்டு, விற்பனை முழுவதையும் அவரிடம் ஒப்படைத்தார். 1958-இல் அவரே பதவியினின்று நீக்கப்பட்டார். கிண்ணத்தின் பட்டயத்தில் டப்பரின் பெயர் மட்டுமே உண்டு. பொருளைப் புதிதாய்ச் செய்தவரைப் பட்டயம் அறியும்; அதனை அடுக்களை வரை கொண்டு சேர்த்தவரை அது அறியாது.

மூன்றாவது, இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி. 1958 அக்டோபர் 8-ஆம் நாள் ஸ்வீடன் நாட்டில் ஆர்னே லார்சன் என்பவரின் உடலுக்குள் இத்தகைய கருவி முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. அது சில மணி நேரமே உழைத்தது. ஆயின் பின்னர்ப் பல கருவிகள் மாற்றப்பெற்று, அவர் 2001 வரை வாழ்ந்தார். அமெரிக்காவிலோ வில்சன் கிரேட்பேட்ச் என்னும் பொறியாளர், இதய ஒலியைப் பதிவுசெய்யும் சுற்றமைப்பில் தவறான மின்தடை ஒன்றை வைத்துவிட்டார். அது இதயத்தைப் போலவே விட்டுவிட்டுத் துடிக்கக் கண்டு உண்மையை உணர்ந்தார். அவருடைய கருவி 1960-இல் நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டது. 1962-இல் பட்டயம் கிடைத்தது. அட்டைப் பொறிக்காக ஓர் அலுவலகம் 17 ஆண்டுகள் காத்திருக்கலாம். நலிந்த இதயம் தவணை முடியும்வரை காத்திராது. காப்புரிமையின் மிகக் கடினமான வினா இங்கேதான் எழுகின்றது.

இவ்வினாவை நம் நாடு எவ்வாறு எதிர்கொண்டது? இந்தியாவின் முதற் சட்டம் 1856-இல் பிறந்தது. அவ்வாண்டு மார்ச் 3-ஆம் நாள் கல்கத்தாவில் ஜார்ஜ் ஆல்பிரட் டிபென்னிங் என்பவர், கூரைப் பங்காவை இழுக்கும் பொறிக்காக விண்ணப்பித்தார். அரசியாரின் முன்னிசைவு பெறாமல் இயற்றியதால் அச்சட்டம் மறு ஆண்டே நீக்கப்பட்டு, 1859-இல் மீண்டும் வந்தது. விடுதலைக்குப்பின், சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாயிருந்த என். இராஜகோபால அய்யங்காரிடம் சட்டத்தை ஆராயும் பொறுப்பை மத்திய அரசு ஒப்படைத்தது. இந்தியப் பட்டயங்களுள் மிகப் பெரும்பாலானவை அயல்நாட்டாருடையவை என்றும், அவற்றுள் பெரும்பகுதி இங்கே தொழிலாக நடைபெறவில்லை என்றும் 1959-ஆம் ஆண்டு அறிக்கையில் அவர் காட்டினார். பட்டயம் வாயிலைக் காத்தது. உள்ளே விளக்கு எரியவில்லை.

அவ்வறிக்கையின் வழியில் 1970-ஆம் ஆண்டுச் சட்டம் அமைந்தது. அது மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தராமல், செய்முறைக்கு மட்டும் குறுகிய தவணையில் தந்தது. உலக வர்த்தக உடன்படிக்கையின்படி 2005 முதல் மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை உண்டு. பொதுவான தவணை 20 ஆண்டுகள். நோய் தீர்க்கும் சிகிச்சை முறைக்குக் காப்புரிமை இல்லை; சிகிச்சைக்கான கருவிக்கு உண்டு. பொதுமக்களுக்கு நியாயமான விலையில் கிடைக்காத பொருளைச் செய்யப் பிறருக்குக் கட்டாய உரிமம் வழங்கவும் சட்டம் இடந்தருகின்றது.

காப்புரிமை அலுவலகங்கள் கொல்கத்தா, தில்லி, மும்பை, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் உள்ளன. வெளியிடப்பெற்ற விண்ணப்பத்தை எவரும் படிக்கலாம். உரிமை வழங்கப்படுமுன் தக்க காரணங்காட்டி எவரும் எதிர்க்கலாம். அவ்வேடுகளோ ஆங்கிலத்திலும் இந்தியிலுமே உள்ளன. படிக்கும் மொழியில் எழுதப்படாத மடல் திறந்திருப்பினும் மூடியதே. தமிழகத்துக்கு வெளியே ஆங்கிலமும் இந்தியும் அன்றாடம் பழகும் நம் குடும்பங்களுக்கு இங்கே ஒரு கடமை உண்டு. ஊரிலுள்ள தறிகாரரோ, பட்டறைத் தொழிலாளியோ, செவிலியரோ புதியதொன்று கண்டதாக எழுதினால், முன்னரே உள்ள பட்டயங்களைத் தேடிப் படித்து, அவற்றின் பொருளைத் தெளிந்த தமிழில் எழுதியனுப்புவோம். அவர் செய்ததையே வேறொருவர் முன்னர்ச் செய்திருக்கலாம். தவணை முடிந்து அது பொதுவாகியும் இருக்கலாம். எதுவாயினும் அவர் அறிந்துகொள்வது நன்று.