காகிதத்தில் ஒரு கல்வெட்டு

எங்கள் ஆத்தூர் சோமநாத சுவாமி கோயிலுக்குச் சாசனம் பார்க்க வருகிறவர்கள் அரசன் பெயரையும் ஆண்டையும் குறித்துக்கொண்டு போய்விடுவார்கள். எனக்குப் பொதுவாகவே சாசனங்களில் பிடித்தது கடைசி வரிதான். தர்மத்துக்குக் கேடு செய்பவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தை அடைவான் என்று தமிழ்நாட்டுக் கோயில் சுவர்கள் பலவும் முடிகின்றன. அரசன் போனபின் அந்தச் சாபம்தான் காவல்.

இந்த வரி கடைசியில் கல்லை விட்டுக் காகிதத்துக்கு வந்தது, கம்பெனிக்கு எதிராக.

கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடிந்து கிடந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களில் மண்ணால் எழுப்பினான். தூத்துக்குடியும் கிளர்ச்சிக்காரர் கைக்குப் போயிற்று. மே 24இல் கோட்டை விழுந்ததும் அவன் சிவகங்கைச் சீமைக்குப் போய் மருது சகோதரர்களிடம் சேர்ந்தான். ஜூன் 16 தேதியிட்ட மருதுவின் அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் மதிலிலும் ஒட்டப்பட்டது.

ஜம்புத்தீவில் வாழும் எல்லாச் சாதியாரையும் அது அழைக்கிறது. கம்பெனியிடம் சம்பளம் வாங்கும் சுபேதார், ஜமேதார், ஹவில்தார், நாயக், சிப்பாய் வரை பட்டியல் போட்டுக் கூப்பிடுகிறது. படித்தவன் நகலெடுத்துப் பரப்பவேண்டும் (சிறுபத்திரிகைக்காரனின் ஆசைதான்). பரப்பாதவனுக்குக் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம். முஸ்லிமானால் பன்றி ரத்தம் குடித்த பாவம். சுவரிலிருந்து கிழிப்பவனுக்குப் பஞ்சமா பாதகம்.

இது முதல் சுதந்திரப் போரா என்ற சண்டையில் எனக்கு அக்கறையில்லை. இதை நாம் உரைநடையாகப் படிக்கவில்லை என்பதே குறை. நிலத்தையும் விளக்கையும் காத்துக்கொண்டிருந்த சாபம் இங்கே ஒரு செய்தியைக் காக்க நிற்கிறது. சாசனம் வெட்டியவர்கள், இருக்கிறதை மாற்றாதே என்றார்கள். மருது அதே குரலில் மாற்று என்கிறார். முஸ்லிமுக்கென்று தனியாக ஒரு வரி சேர்த்த இடத்தில் பழைய வாய்பாடு சற்று அகன்று கொடுக்கிறது.

அக்டோபர் 24இல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரிலும், நவம்பர் 16இல் ஊமைத்துரையைப் பாஞ்சாலங்குறிச்சியிலும் தூக்கிலிட்டார்கள். கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். அந்தப் போர்களில் செத்த வெள்ளை அதிகாரிகளுக்கு ஒட்டப்பிடாரம் பக்கத்தில் கல்லறைகள் கட்டினார்கள்.

கயத்தாற்றில் கட்டபொம்மன் தொங்கிய இடத்தில் வழிப்போக்கர்கள் ஆளுக்கொரு கல்லாகப் போட்டு ஒரு குவியல் சேர்ந்தது.