துர்க்கியும் சொறிபிடித்த வாளும்

சவுதி சரித்திரம்னு யாராவது ஆரம்பித்தால் நேரா 1902-க்குப் போய்விடுவார்கள். அப்துல் அஸீஸ் கொஞ்சம் ஆட்களோடு வந்து மஸ்மக் கோட்டையைப் பிடித்தார், ரியாத் அவர் கைக்கு வந்தது, அவ்வளவுதான் கதை. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதே ரியாத்தை 78 வருஷத்துக்கு முன்னாடியே அவருடைய கொள்ளுத்தாத்தா ஒருமுறை மீட்டிருக்கிறார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. பெயர் துர்க்கி பின் அப்துல்லாஹ்.

முதல் சவுதி அரசின் தலைநகர் திரிய்யா. 1818-ல் எகிப்து கவர்னர் முகமது அலியின் மகன் இப்ராஹிம் பாஷா, மாதக்கணக்கில் முற்றுகை போட்டு அதைப் பிடித்தார். சரணடைந்த அப்துல்லா பின் சவூதை இஸ்தான்புல்லுக்குக் கொண்டுபோய்த் தலையை வெட்டினார்கள். குடும்பத்தில் பாதிப்பேர் எகிப்தில் கைதி. ஊரையும் இடித்துத் தள்ளியாச்சு.

தப்பித்தவர்களில் ஒருத்தர் துர்க்கி. இவர் ஆண்ட கிளையைச் சேர்ந்தவர் இல்லை, சித்தப்பா வழி. வருஷக்கணக்கா ஓடி ஒளிந்து திரிந்தவரிடம் 'அஜ்ரப்' என்று ஒரு வாள். அரபியில் 'சொறிபிடித்தது' என்று அர்த்தம், அதில் இருந்த துருவினால் வந்த பெயராம் :-) கூட யாருமே இல்லாதபோது இந்த வாள்தான் துணை என்று கவிதை எழுதி, எகிப்தில் இருந்த சொந்தக்காரர் மிஷாரிக்கு அனுப்பியிருக்கிறார். இந்த மிஷாரியை ஞாபகம் வச்சுக்கோங்க.

1824-ல் ரியாத்தில் இருந்த எகிப்துப் படையைக் கிளப்பிவிட்டு உள்ளே வந்தார் துர்க்கி. திரிய்யா பக்கத்திலேயேதான் இருக்கிறது, ஆனாலும் அங்கே திரும்பிப் போகவில்லை. ரியாத்தையே தலைநகராக்கினார். எங்க ஆபீஸ் பாஷையில் சொன்னால், எரிந்துபோன சர்வரை ரிப்பேர் பார்க்காமல் புது மெஷினில் ஏற்றிவிட்டார். ரியாத் இன்றைக்கும் தலைநகராக இருப்பதற்கு அங்கேதான் ஆரம்பம். நஜ்த் முழுக்க அடங்கியது, 1830-ல் கிழக்கே அல் ஹஸாவும் வந்து சேர்ந்தது. எகிப்தில் இருந்து மகன் ஃபைசல் தப்பி வந்தார். மிஷாரியும் வந்தார். துர்க்கி அவரை வரவேற்று மன்ஃபூஹா ஊருக்கு ஆளுநராக்கினார். மிஷாரி ஒருமுறை கலகம் பண்ணி மாட்டியபோதுகூட மன்னித்துவிட்டார்.

1834, ஒரு வெள்ளிக்கிழமை. தொழுகை முடித்துப் பள்ளிவாசலை விட்டு வெளியே வந்த துர்க்கியைக் கொன்றார்கள். ஏவியது யார்னு நினைக்கிறீங்க? அதே மிஷாரிதான்.

கிழக்கே படையோடு இருந்த ஃபைசல் ஓடிவந்தார். நாற்பது நாளில் மிஷாரி கதை முடிந்தது. அதில் பெரிய உதவி செய்தவர் அப்துல்லா பின் ரஷீத். பரிசாக ஹாயில் ஊரின் ஆட்சி அவருக்குக் கிடைத்தது. 1891-ல் துர்க்கியின் வாரிசுகளை ரியாத்தை விட்டுத் துரத்தியது யார் தெரியுமா? இந்த ரஷீத் குடும்பம்தான்! 1902-ல் அப்துல் அஸீஸ் மீட்டதும் இவர்களிடம் இருந்துதான்.

அஜ்ரப் என்ன ஆச்சு? ஃபைசல் செத்தபிறகு அவர் பிள்ளைகள் ஒருத்தரோடு ஒருத்தர் அடித்துக்கொண்ட காலத்தில் பஹ்ரைனுக்குப் போய்விட்டது. நூறு வருஷத்துக்கும் மேல் அங்கேயே கிடந்து, 2010-ல் பஹ்ரைன் மன்னர் ஹமத் அதை சவுதி மன்னர் அப்துல்லாவிடம் திருப்பிக் கொடுத்தார்.