ஸ்ப்ளிட்டர் பெட்டியும் லயக் காம்பராவும்: ஊவாவின் ஒரு சின்னத் தொலைபேசி வரலாறு



பதுளை, பண்டாரவளை டவுன் வீடுகளில் பழைய லாச்சியைக் கிளறினால் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி கிடைக்கும். ஒரு பக்கம் 'லைன்' என்று ஒரு துளை. மறுபக்கம் 'போன்', 'மொடம்' என்று இரண்டு. டெலிகொம் ஆட்கள் ஸ்ப்ளிட்டர் என்பார்கள், சிலர் பில்டர் என்பார்கள். இன்றைய பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியாது. ஆனால் நம் மாகாணத்தில் யாருக்கு இன்டர்நெட் வந்தது, யாருக்கு வரவில்லை என்ற கதை அந்தப் பெட்டியோடு சேர்ந்தது. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் அது என்ன செய்தது என்று பார்ப்போம். நாம் போனில் பேசும் குரலுக்கு 4 கிலோஹேர்ட்ஸுக்குக் குறைந்த அதிர்வெண் போதும். அதற்கு மேலே செப்புக் கம்பி சும்மாதான் கிடந்தது. ஏடிஎஸ்எல் முறை அந்த வெற்றிடத்தைப் பிடித்தது. ஏறத்தாழ 26 கிலோஹேர்ட்ஸிலிருந்து 1,100 கிலோஹேர்ட்ஸ் வரை இன்டர்நெட், அடியில் குரல். ஒரே கம்பி, இரண்டு வேலை. பில்டர் போனுக்குக் குரலை மட்டும் விடும், மேல் அதிர்வெண்ணைத் தடுக்கும். அது இல்லாவிட்டால் ரிசீவரில் 'ஸ்ஸ்' என்று இரைச்சல். போன் மணி அடித்தால் இன்டர்நெட் அறுந்துவிடும். ஒரு லைனில் மூன்று போன் இருந்தால் மூன்றுக்கும் பில்டர் வேண்டும். ஒன்றை மறந்தாலும் முழு லைனும் குழம்பும்.

இந்த யோசனை 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பெல்கோர் நிறுவனத்தில் ஜோசப் லெக்லைடர் என்ற பொறியியலாளரிடமிருந்து வந்தது. இறங்கும் வேகத்தைக் கூட்டி ஏறும் வேகத்தைக் குறைத்தால், பக்கத்துக் கம்பிகளின் குறுக்கீடு குறையும் என்று அவர் காட்டினார். அன்றைய நோக்கம் இன்டர்நெட் அல்ல, போன் கம்பியில் வீட்டுக்குப் படம் அனுப்புவது. 1999இல் சர்வதேசத் தரம் வந்தது. அதே ஆண்டு பில்டரே தேவைப்படாத ஒரு எளிய வகையையும் கொண்டுவந்தார்கள். நடைமுறையில் அதற்கும் பில்டர் தேவைப்பட்டது!

இலங்கையில் 1991இல் தொலைத்தொடர்புச் சட்டம் வந்து, திணைக்களம் ஸ்ரீலங்கா டெலிகொம் ஆனது. 1997இல் ஜப்பானின் என்டிடி 35 வீதப் பங்கை வாங்கியது. 2003இல் டெலிகொம் ஏடிஎஸ்எல் சேவையைத் தொடங்கியது. அதற்கு முன் டயல்-அப். இன்டர்நெட்டில் இருந்தால் போன் எந்நேரமும் என்கேஜ்ட். அந்தத் தொல்லையை ஒழித்தது இந்தச் சின்னப் பெட்டிதான்.

ஆனால் எங்கள் மலைகளில் அது எதுவரை போனது?

உயர் அதிர்வெண் செப்புக் கம்பியில் தூரம் போகப் போகத் தேய்ந்துவிடும். எக்ஸ்சேஞ்சிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீற்றர் தாண்டினால் ஏடிஎஸ்எல் திணறும். அதுவும் கம்பியின் நீளக் கணக்கு. நேர்கோட்டில் பக்கத்து மலையாகத் தெரியும் தோட்டத்துக்குக் கம்பி பாதையோடு சுற்றி வளைந்து போக வேண்டும். பசறை, ஹாலிஎல, தெமோதரைப் பக்கத் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

தூரம் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது பாதி வரலாறு. தோட்டத்தில் போன் என்றால் துரை பங்களா, ஆபீஸ், ஃபெக்டரி. லயத்துக்குக் கம்பி வரவில்லை. லயக் காம்பராவுக்குத் தனி முகவரி இல்லை, கடிதமே தோட்ட ஆபீஸ் வழியாகத்தான் வரும். காணி உறுதியும் இல்லை. போன் லைன் இல்லாத இடத்தில் பில்டருக்கு என்ன வேலை? டவுனில் எங்கள் பிள்ளைகள் வீட்டிலிருந்து இணையத்தில் தேடிப் படித்த காலத்தில், அதே வகுப்பில் பக்கத்து மேசையில் இருந்த தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த வசதி இருக்கவில்லை.

பிறகு கம்பியில்லா சிடிஎம்ஏ போன் வந்தது, கைபேசி வந்தது. தோட்ட மக்களில் பலர் லேண்ட்லைனைக் காணாமலே நேராகக் கைபேசிக்குத் தாவினார்கள். பிரச்சினை தீர்ந்ததாக நினைத்தோம். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோதுதான் தீரவில்லை என்று தெரிந்தது. பதுளை மாவட்டத்தின் போஹிதியாவ கிராமத்து மாணவர்களும் ஆசிரியையும் சிக்னலுக்காகக் காட்டு வழியே மலையுச்சிக்கு ஏறியதை 2021இல் உலகச் செய்தி நிறுவனங்கள் எழுதின. தோட்டமோ கிராமமோ, மலைக்குப் பின்னால் இருந்தால் ஒரே கதைதான்.

இப்போது செப்புக் கம்பி போய் ஃபைபர் வருகிறது. அதில் குரலும் டேட்டாவாகவே வருவதால் பில்டர் தேவையில்லை. அந்த வெள்ளைப் பெட்டியின் காலம் முடிகிறது. ஆனால் ஃபைபரும் ஒரு கம்பிதான். அதற்கும் பாதை வேண்டும், முகவரி வேண்டும். செப்புக் கம்பி நின்ற இடத்திலேயே ஃபைபரும் நின்றுவிட்டால், இன்னொரு தலைமுறை மலையேறும். லயத்துக்கு முகவரி கேட்பதும் இன்டர்நெட் கேட்பதும் ஒரே கோரிக்கை என்றுதான் நாங்கள் பார்க்கிறோம். ஆசிரியர்களும் பெற்றோரும் பள்ளி நிர்வாகங்களும் கோயில் நிர்வாகங்களும் சேர்ந்து கேட்க வேண்டிய விடயம் இது.

உங்கள் தோட்டத்தில் முதல் போன் எங்கே இருந்தது? லயத்தில் முதன்முதலில் யார் வீட்டில் மணி அடித்தது? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு கீழே எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், சேர்த்து வைத்து மாணவர்களுக்குக் கொடுப்போம்.