சித்திவளாகத் திருவறை

‘திருவருட்பா’ பாடிய இராமலிங்க அடிகள் எனும் வள்ளலார் (1823–1874) கடைசியாக உட்புகுந்த அறை. கடலூர் மாவட்டம் வடலூரை அடுத்த மேட்டுக்குப்பத்தில், சித்திவளாகம் என்று அவரே பெயரிட்ட மாளிகைக்குள் இருக்கிறது. பழைய அரசுப் பதிவு மேட்டுக்குப்பத்தைக் கருங்குழியின் உட்கிடைக் கிராமமாகக் காட்டுகிறது. மதுராந்தகத்தை அடுத்துள்ள செங்கல்பட்டு மாவட்டக் கருங்குழி வேறு ஊர். வள்ளலார் வாழ்ந்தது வடலூர்ப் பக்கத்துக் கருங்குழியில்.

தமிழ்ப் புலவர்கள் பலருக்கு மண்ணில் ஓர் அடையாளம் நின்றிருக்கிறது. கம்பர் சமாதி சிவகங்கைச் சீமையின் நாட்டரசன்கோட்டையில் இருப்பதாக மரபு. அம்மண்ணைச் சிறிது எடுத்துக் குழந்தையின் நாவில் வைத்தால் கல்வி வரும் என்ற நம்பிக்கை இன்றும் உண்டு. சீறாப்புராணம் தந்த உமறுப் புலவர் எட்டயபுரத்தில் அடங்கியிருக்கிறார். அதே எட்டயபுரத்தில் பிறந்த பாரதி 1921 செப்டம்பரில் சென்னை கிருட்டிணாம்பேட்டைச் சுடுகாட்டில் எரியூட்டப்பட்டார். வள்ளலாருக்குச் சமாதியும் இல்லை, சிதையும் இல்லை. ஒரு கதவுதான் இருக்கிறது.

மருதூரில் 1823 அக்டோபர் 5 அன்று பிறந்த அவர், கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தை இராமையா பிள்ளையை இழந்தார். தாய் சின்னம்மை பிள்ளைகளோடு பிறந்தகமான பொன்னேரி சின்னக்காவணத்துக்குப் போனார். பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர் அது. பிறகு சென்னை, ஏழுகிணறு வீராசாமி பிள்ளை தெரு. 1858 வாக்கில் தில்லை வழியாகக் கருங்குழிக்கு வந்து, வேங்கட ரெட்டியார் வீட்டில் 1867 வரை தங்கினார். எண்ணெய்க் கலயம் என்று நினைத்து, பழக்குவதற்காக நீர் ஊற்றி வைத்திருந்த கலயத்தை எடுத்து அவர் விளக்கில் வார்த்தார், விடியும்வரை விளக்கு எரிந்தது என்று சொல்லப்படுவது இந்த வீட்டில்தான். திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகளைத் தொழுவூர் வேலாயுத முதலியார் அச்சிட்டு 1867 பிப்ரவரியில் வெளியிட்டபோதும் அடிகள் இங்கேயே இருந்தார். அவ்வாண்டு மே 23 அன்று வடலூரில் பசித்தோருக்கு உணவிடும் தருமச்சாலை தொடங்கியது. அன்று மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை.

இறந்தவரை என்ன செய்வது என்பதில் வள்ளலார் உறுதியான கருத்து உடையவர். 1871 மார்ச்சில் எழுதிய ‘சமாதி வற்புறுத்தல்’ என்னும் அறிக்கையில், உடலைச் சுடக்கூடாது, புதைக்கவே வேண்டும் என்றார். கருமாதிச் சடங்கு எதுவும் வேண்டாம், அதற்குப் பதில் ஏழைகளுக்குச் சோறு போடுங்கள் என்றார். கணவன் இறந்தால் மனைவியின் தாலியை வாங்கக்கூடாது என்றும் அதில் எழுதினார். கைம்பெண் கோலம் கட்டாயமாக இருந்த 1871-இல் இதைச் சொல்ல எத்தனை நெஞ்சுரம் வேண்டும்! அருளாளர் வரும் காலத்தில் இறந்த சன்மார்க்கிகள் (தம் நெறியைப் பின்பற்றுவோர்) எழுவார்கள், ஆகவே உடல் மண்ணில் பத்திரமாக இருக்க வேண்டும் என்பது அவர் கூறிய காரணம். சைவத் துறவியரைச் சமாதி வைக்கும் வழக்கம் முன்பே உண்டு. அதை அவர் இல்லறத்தாருக்கும் உரியதாக்கினார். சாகாக் கல்வி, அதாவது இறவாமையை அடையும் வழி, பற்றிய அவர் பாடல்களை இந்த அறிக்கையோடு சேர்த்து வைத்துப் படிக்கும்போதே அவற்றின் முழுப் பொருள் பிடிபடுகிறது.

1870-இல் மேட்டுக்குப்பத்துக்குக் குடிபெயர்ந்தார். 1872 தைப்பூசத்தன்று வடலூர் சத்திய ஞானசபையில் வழிபாடு தொடங்கியது. 1873 அக்டோபர் 22 அன்று சித்திவளாகத்தில் கொடியேற்றி, பேருபதேசம் எனப்படும் நீண்ட உரையை ஆற்றினார். தம் அறையில் எரிந்துகொண்டிருந்த விளக்கைப் பின்னர் வெளியே வைத்து, அதைப் பார்த்துத் தியானிக்கும்படி சொன்னார். 1874 ஜனவரி 30, ஸ்ரீமுக ஆண்டு தை மாதம் 19, வெள்ளிக்கிழமை இரவு அறைக்குள் போனார். கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டது.

அதன்பின் நடந்ததைச் சொல்லும் சான்றுகள் ஒத்துப்போகவில்லை. முதன்மை மாணாக்கரான வேலாயுத முதலியார் 1882-இல் பிரம்மஞான சபையாரிடம் அளித்த வாக்குமூலத்தில், ஓராண்டு கழித்து அறையைத் திறந்தபோது வெற்றறையாக இருந்தது என்கிறார். 1906-இல் வெளியான தென்னார்க்காடு மாவட்ட விவரச் சுவடியில் டபிள்யூ. பிரான்சிஸ், அறை இன்னமும் பூட்டியே கிடக்கிறது, அடிகள் இறைவனோடு கலந்தார், மீண்டும் வருவார் என்று அன்பர்கள் நம்புகிறார்கள் என எழுதினார். 1874-லேயே ஆட்சியரும் அதிகாரிகளும் வந்து திறந்து பார்த்ததாகச் சன்மார்க்கிகள் சொல்லி வருகிறார்கள். இவற்றில் அடிகளோடு பழகியவரின் சொல் முதலியாருடையதே. அதுவே முதலில் வைக்கத் தக்கது.

உடல் ஒளியாயிற்று என்பது அன்பர்களின் உறுதியான நம்பிக்கை. அதனால் சித்திவளாகத்தைச் சமாதி என்று சொன்னால் அவர்கள் உடனே திருத்துவார்கள்.

ஆண்டுதோறும் தைப்பூசத்துக்கு இரண்டு நாள் கழித்து வடலூரிலிருந்து வள்ளலார் பயன்படுத்திய பொருட்கள் அடங்கிய பேழை பல்லக்கில் கருங்குழி வழியாக மேட்டுக்குப்பம் வருகிறது. அன்று திருவறை தரிசனம். நிர்வாகம் இந்து சமய அறநிலையத் துறையிடம். அவர் பிறந்த அக்டோபர் 5-ஐத் தனிப்பெருங்கருணை நாளாகத் தமிழ்நாடு அரசு 2021-இல் அறிவித்தது.