விட்டவன் விழுக்காடும் கணக்கன் எழுத்தும்: கூட்டுப்பணியின் மொழி

ஒருவரையொருவர் நேரில் அறியாத பலர் கூடி ஒரு மென்பொருளை ஆக்கும் முறைக்கு 1991இல் தொடங்கிய லினக்ஸ் சிறந்த சான்றாகும். ஒரே முதலாளியின் ஆணைக்கு உட்படாத பலரை இணைத்து நிறுத்துவது எது என்னும் வினா அங்கு எழுகிறது. இவ்வினாவிற்குத் திருமலைக் கோயிற் சாசனங்கள் ஒரு பழைய விடையை அளிக்கின்றன.

திருமலை, திருப்பதிக் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. சாது சுப்பிரமணிய சாஸ்திரி ஆய்ந்த இவை 1931 முதல் தேவஸ்தான வெளியீடுகளாக வந்தன. விசயநகரக் காலத்தில் அரசர், அலுவலர், வணிகர், ஆசாரியர், எம்பெருமானடியார் எனப் பல திறத்தாரும் நிவேதனத்துக்குப் பொருள் அளித்தனர். தனித்தனியே வந்த இக்கொடைகளை ஒழுங்குபடுத்தியோர் தானத்தார் என்னும் குழுவினர். பணம் ஸ்ரீபண்டாரத்தில் சேர்ந்தது. அதனைக் கொண்டு திருவிடையாட்ட ஊர்களில் ஏரியும் கால்வாயும் சீர்செய்யப்பட்டன. பெருகிய விளைவிலிருந்து நிவேதனம் நடந்தது.

இவ்வொழுங்கைத் தாங்கிய மொழிக்கூறுகள் மூன்று. முதலாவது, 'தானத்தாரோம்' என்னும் தன்மைப் பன்மை. பொறுப்பு குழு முழுமைக்கும் உரியது என்பதை விகுதியே உணர்த்துகிறது. இரண்டாவது, 'விட்டவன் விழுக்காடு'. நிவேதித்த பிரசாதத்தில் நாலில் ஒன்று கொடையாளிக்கு உரியது என்பது இதன் பொருள். மூன்றாவது, இறுதியில் வரும் கோயிற்கணக்கு திருநின்றஊருடையான் 'எழுத்து'. இங்கு எழுத்து என்பது கையொப்பமாகும்.

லினக்ஸ் கருநிரலிலும் 2004 முதல் ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும் அதனை அளித்தவரும் ஏற்று அனுப்பியவரும் பெயரிட்டு உறுதிகூறும் வரி இடம்பெறுகிறது. 2005இல் தோன்றிய கிட் என்னும் பதிவுக் கருவி, ஆக்கியவர் பெயரையும் சேர்த்தவர் பெயரையும் வேறுவேறாகக் காக்கிறது. பயனளவில் இவையும் 'எழுத்து' எனலாம். வேறுபாடும் உண்டு. கோயிலில் விழுக்காடு விட்டவனுக்கே உரியது; கட்டற்ற மென்பொருளிலோ உரிமம் பயனை எல்லார்க்கும் பொதுவாக்குகிறது. ஆதலின் ஆக்கியவர்க்கு உரிமத்தால் எஞ்சும் விழுக்காடு பெரும்பாலும் பெயர் ஒன்றே.

அப்பெயரும் எல்லார்க்கும் கிட்டுவதில்லை. சாசனங்கள் பணம் அளித்தவரைப் பெயர் சுட்டிக் கூறுகின்றன. கால்வாய் வெட்டியவரை அவ்வாறு கூறுவதில்லை. மென்பொருள் மொழிபெயர்ப்புக்குப் பரவலாகப் பயன்படும் கெட்டெக்ஸ்ட் கோப்பின் தலைப்பில் இறுதியாக மொழிபெயர்த்தவர் ஒருவருக்கே தனிப்புலம் உண்டு. முன்னர் உழைத்தோர் பெயர் குறிப்பு வரிகளில் எழுதப்பட்டால் மட்டுமே நிற்கும். கோப்பினை ஒருங்கிணைப்பாளரே தம் பெயரில் சேர்ப்பின், பதிவேட்டிலும் பிறர் மறைவர். ஒரு சொல்லை முதலில் ஆக்கியவர் யார், எப்போது ஆக்கினார் என அறிய விழையும் சொல்வரலாற்றாய்வாளர்க்கு இது பேரிழப்பாகும்.

பலரை இணைப்பது ஆணை மட்டுமன்று. யார் அளித்தார், யார் ஏற்றார், யாருக்கு என்ன உரியது என்பதை யாவரும் காண எழுதிவைப்பதே. தமிழில் மென்பொருளாக்குவோர் ஒவ்வொருவர் எழுத்தையும் கோப்பிலேயே நிலைநிறுத்துதல் வேண்டும்.