கையெழுத்தின் கனம்: அமெரிக்க விமான விதிகளின் வரலாற்றிலிருந்து

இலக்கியம் முந்தியது, இலக்கணம் பிந்தியது என்று முதலாண்டு மாணவர்களுக்கு நாம் பாடம் சொல்வதுண்டு. வழக்கில் உள்ளதைக் கண்டு, தொகுத்து, வகைப்படுத்திய பின்னரே இலக்கண ஆசிரியன் சூத்திரம் செய்கிறான். சூத்திரம் சுருங்கிய வடிவம் உடையது. அதனை விரித்துப் பொருள் காட்ட உரையாசிரியன் ஒருவன் வேண்டும். உரை தொலைந்துபோன சூத்திரம் நம்முன் வாய்மூடி நிற்கும். இந்த எண்ணம் அண்மையில் எதிர்பாராத ஓரிடத்தில் நமக்கு மீண்டும் எழுந்தது. அமெரிக்க விமானப் போக்குவரத்து விதிகளின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தோம். அங்கும் விதி பிந்தியதாகவே இருக்கக் கண்டோம். அதற்கு முந்தி நிற்பது பெரும்பாலும் மரணம்.

அமெரிக்கக் கூட்டரசு விதித்தொகுப்பின் பதினான்காம் தலைப்பு வான்பயணம் பற்றியது. அதன் 121ஆம் பகுதி பயணிகளை ஏற்றிச் செல்லும் விமான நிறுவனங்களுக்கும், 145ஆம் பகுதி விமானங்களைப் பழுதுபார்க்கும் நிலையங்களுக்கும் உரியவை. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் பழுதுபார்ப்பு நிலையங்களுக்கான விதிகள் இதே 145 என்ற எண்ணைத் தாங்கியுள்ளன. படிக்க வறண்டவை, எண்களும் உட்பிரிவுகளும் நிறைந்தவை. உரையோடு சேர்த்துப் படித்தால் மட்டுமே அவை பேசத் தொடங்குகின்றன. அந்த உரை, விபத்து விசாரணை அறிக்கைகளில் இருக்கிறது.

ரைட் சகோதரர்கள் பறந்தது 1903இல். அதன்பின் இருபத்திரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக, விமானம் ஓட்டுபவரையோ அதனைச் செப்பனிடுபவரையோ கேள்வி கேட்கும் கூட்டரசுச் சட்டம் அமெரிக்காவில் இல்லை. 1926 மே 20 அன்று குடியரசுத் தலைவர் கூலிட்ஜ் வான் வணிகச் சட்டத்தில் கையெழுத்திட்டார். வணிகத் துறையின் கீழ் வானூர்திப் பிரிவு ஒன்று தோன்றியது. 1927இல் விமானிகளுக்கு உரிமம் வழங்கத் தொடங்கினர். அதே ஆண்டு ஜூலை முதல் நாள் ஃபிராங்க் கேட்ஸ் கார்ட்னர் என்பவர் முதல் விமான மெக்கானிக் உரிமத்தைப் பெற்றார். பறப்பவனைப் போலவே, தரையில் நின்று திருகாணி முடுக்குபவனும் பயணியின் உயிருக்குப் பொறுப்பாளி என்பதைச் சட்டம் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தது.

ஆயினும் உணர்வது வேறு, நடைமுறைப்படுத்துவது வேறு. 1931 மார்ச் 31 அன்று கான்சாஸ் மாநிலத்தின் பசார் என்ற சிற்றூரருகே ஃபோக்கர் எஃப்-10 வகை விமானம் ஒன்று விழுந்தது. எண்மர் இறந்தனர். அவர்களுள் ஒருவர் நோட்டர்டேம் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற கால்பந்துப் பயிற்சியாளர் நியூட் ராக்னி. நாடே துக்கம் காத்தது. அவ்விமானத்தின் இறக்கை மரத்தாலானது, பசையால் ஒட்டப்பட்டது. ஈரம் உள்ளே புகுந்து பசையின் பிடியைத் தளர்த்தியிருந்தது. வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. மேற்பலகையைப் பெயர்த்தெடுத்தால்தான் தெரியும். விபத்துக்கான காரணங்களை வெளியிடாதிருப்பதே அதுவரை வானூர்திப் பிரிவின் வழக்கமாக இருந்தது. இறந்தவர் ராக்னியாக இருந்தமையால் மக்களின் கேள்விக்கு முன்னால் அந்த மௌனம் நிலைக்கவில்லை. அவ்வகை விமானங்கள் சிறிது காலம் தரையில் நிறுத்தப்பட்டன. இறக்கையின் உட்புறத்தைக் குறித்த காலத்தில் சோதிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு வந்தது. மர இறக்கையின் காலம் முடிந்து உலோக விமானத்தின் காலம் விரைந்து வந்ததற்கு இவ்விபத்தும் ஒரு காரணம்.

இதே வரிசையில்தான் பின்னவையும் அமைந்தன. 1935இல் மிசௌரி மாநிலத்தில் நடந்த விபத்தில் செனட்டர் பிரான்சன் கட்டிங் இறந்தார். நாடாளுமன்ற விசாரணை எழுந்தது. 1938இல் புதிய வான்பயணச் சட்டம் பிறந்தது. 1956இல் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின்மேல் இரண்டு பயணிகள் விமானங்கள் மோதி 128 பேர் மாண்டனர். 1958இல் இன்றைய கூட்டரசு வான்பயண நிர்வாகத்துக்கு அடிகோலிய சட்டம் வந்தது. இறந்தவர் பெயர் பெற்றவராக இருக்க வேண்டும், அல்லது இறந்தவர் தொகை பெரிதாக இருக்க வேண்டும். அப்போதுதான் சட்டம் அசைகிறது என்ற கசப்பான உண்மையையும் இவ்வரலாறு நமக்குச் சொல்கிறது.

பழுதுபார்ப்புக் கூடத்துக்குள் நம்மை அழைத்துச் செல்லும் விபத்து 1979 மே 25 அன்று சிகாகோவில் நடந்தது. புறப்பட்டு மேலெழும்போதே டிசி-10 விமானத்தின் இடப்புற எஞ்சின், அதனை இறக்கையோடு பிணைக்கும் தாங்கியுடன் கழன்று விழுந்தது. விமானத்தில் இருந்த 271 பேரும் தரையில் இருவருமாக 273 பேர் இறந்தனர். இன்றளவும் அமெரிக்க மண்ணில் நிகழ்ந்த விமான விபத்துகளுள் மிக அதிக உயிர்களைக் கொண்டது அதுவே. எஞ்சினை முதலில் கழற்றி, பின்னர் தாங்கியைக் கழற்ற வேண்டும் என்பது விமானத்தைச் செய்தவர்கள் வகுத்த முறை. உழைப்பு நேரத்தை மிச்சப்படுத்த, இரண்டையும் ஒன்றாக ஃபோர்க்லிப்டில் தாங்கிக் கழற்றினர். அப்படிச் செய்ததில் தாங்கியில் விரிசல் விழுந்தது. நம்மை உலுக்கும் செய்தி இதற்கும் அப்பால் உள்ளது. வேறொரு நிறுவனம் இதே குறுக்குவழியில் இதே சேதத்தைச் சில மாதங்களுக்கு முன்பே கண்டிருந்தது, செப்பனிட்டும் விட்டது. பராமரிப்பின்போது நேர்ந்த சேதத்தை அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்று அன்றைய விதி தெளிவாகக் கேட்கவில்லை. கேட்கப்படாததால் சொல்லப்படவில்லை. சூத்திரத்தில் ஒரு சொல் குறைந்திருந்தது என்றே சொல்லத் தோன்றுகிறது.

சிகாகோவில் பழுதுபார்த்தது நிறுவனத்தின் சொந்தக் கூடம். பின்னாளில், சிக்கனம் கருதி அப்பணியை வெளியாரிடம் ஒப்படைக்கும் வழக்கம் பெருகியது. 1993இல் பறக்கத் தொடங்கிய வேல்யூஜெட், குறைந்த கட்டணத்தால் விரைந்து வளர்ந்த நிறுவனம். அது வாங்கிய பழைய விமானங்கள் சிலவற்றை மயாமியில் சேபர்டெக் என்ற பழுதுபார்ப்பு நிலையம் செப்பனிட்டது. அவற்றிலிருந்து காலாவதியான ஆக்சிஜன் உருவாக்கிகள் கழற்றப்பட்டன. இவை வேதிவினையால் ஆக்சிஜன் தருபவை. வினை தொடங்கினால் கடுமையாகச் சூடேறுபவை. பயன்படுத்தப்படாத ஒவ்வொன்றின் முனையிலும் காப்பு மூடி பொருத்த வேண்டும் என்று பணி அட்டை சொல்லிற்று. மூடிகள் அங்கே இல்லை. மூடி பொருத்தியாயிற்று என்னும் பொருள்பட அட்டையில் கையெழுத்து மட்டும் விழுந்தது. பெட்டிகளில் அடைத்து, வெற்றுக் குடுவைகள் என்று குறித்து, வேல்யூஜெட்டின் 592ஆம் பயணத்தில் ஏற்றினர். 1996 மே 11 அன்று, புறப்பட்ட சுமார் பத்து நிமிடங்களில் அந்த விமானம் ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் புதைந்தது. 110 பேர் இறந்தனர்.

அந்தச் சரக்கறையில் தீயைக் கண்டறியும் கருவியோ அணைக்கும் கருவியோ இல்லை. காற்றுப் புகாத அறையில் தீ தானே அவிந்துவிடும் என்பது அவ்வடிவமைப்பின் கொள்கை. தானே ஆக்சிஜன் தரும் பொருள் எரிந்தால் அக்கொள்கை என்னவாகும் என்று எவரும் கேட்கவில்லை என நாம் எண்ணினால் அது பிழை. 1988இல் நாஷ்வில் நகரில் தரையிறங்கிய ஒரு விமானத்தின் சரக்கறையில் வேதிப்பொருளால் தீ எழுந்தபோதே விசாரணை வாரியம் அதனைக் கேட்டது; கருவிகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. செலவைக் காரணம் காட்டி நிர்வாகம் அதனை ஏற்கவில்லை. நாஷ்வில்லில் எவரும் இறக்கவில்லை; விதியும் பிறக்கவில்லை. எவர்கிளேட்ஸ் விபத்துக்குப் பின் 1998இல் விதி பிறந்தது. மூன்றாண்டுக் கெடுவும் தரப்பட்டது. விசாரணை வாரியம் பழுதுபார்ப்பு நிலையம், விமான நிறுவனம், அரசு நிர்வாகம் ஆகிய மூன்றையும் காரணர்களாகக் குறித்தது. பணியை யாரிடம் ஒப்படைத்தாலும் பொறுப்பு நிறுவனத்தை விட்டு நீங்காது என்று 121ஆம் பகுதியும் சொல்கிறது.

கையெழுத்து ஏன் இத்தனை கனமானது? தமிழ் இலக்கணம் இங்கே நமக்குத் துணைவருகிறது. செய்தேன் என்னும் வினைமுற்றில் செய்தவன் உள்ளே இருக்கிறான். ஏன் என்னும் விகுதி அவனைச் சுட்டுகிறது. அலுவலக நடையோ செய்யப்பட்டது என்று எழுதி அவனை மறைத்துவிடுகிறது. பராமரிப்புப் பதிவேட்டில் கையெழுத்தும் உரிம எண்ணும் இருந்தாக வேண்டும் என்ற விதி, மறைந்துபோன அந்த விகுதியை மீட்டு வைக்கிறது. வேலை செய்தவரே இன்றியமையாத பணிகளின் சோதனையையும் செய்யலாகாது என்பது மற்றொரு விதி. ஆனால் 2003 ஜனவரி 8 அன்று சார்லட் நகரில் சிறு விமானம் ஒன்று புறப்படுகையில் விழுந்து 21 பேர் இறந்தபோது, அந்த விதியிலும் ஓர் ஓட்டை வெளிப்பட்டது. மூக்கை ஏற்றி இறக்கும் பின்சிறகின் கம்பிவடத்தைச் சரிசெய்த மெக்கானிக் அவ்வகை விமானத்தில் அவ்வேலைக்குப் புதியவர். படிகள் சிலவற்றை விட்டுவிடலாம் என்று அவருக்கு ஒப்புதல் தந்தவர், பயிற்சி அளித்துக்கொண்டிருந்த சோதனையாளர். வேலையைச் சோதித்து ஏற்றவரும் அவரே. தாம் சொல்லிக்கொடுத்த வேலையைத் தாமே சோதிக்கலாகாது என்று விதி செய்யுமாறு விசாரணை வாரியம் பின்னர்ப் பரிந்துரைத்தது. சுமையைக் கணக்கிட நிறுவனங்கள் கொண்டிருந்த சராசரிப் பயணி எடையும் உண்மைக்குக் குறைவானது என்று தெரியவந்து, அது உயர்த்தப்பட்டது.

இதனைப் படித்தபோது நமக்குச் சற்றுக் கூச்சமாக இருந்தது. பருவ இறுதியில் பாடத்திட்டம் முடிக்கப்பட்டது என்று எழுதிய படிவத்தில், ஐந்தாம் அலகைத் தொடாமலே நாம் கையெழுத்திட்ட ஆண்டு ஒன்று உண்டு. நம் கையெழுத்தால் விமானம் விழுவதில்லை என்று ஆறுதல் கொள்ளலாம். மயாமியில் அந்த அட்டையில் கையெழுத்திட்டவர்களும் தீயவர்கள் அல்லர். வேலை நெருக்கடியில், மூடி கிடைக்காத நிலையில், எல்லாரும் செய்வதைச் செய்தவர்கள். அந்த மூடி எதற்காக என்ற உரை அவர்களிடம் இல்லை. சூத்திரத்தை மட்டும் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லும் ஆசிரியர்கள் நாமும்தான்.

பழுதுபார்ப்பு நிலையங்களில் விதிகளைக் கற்பிப்பவர்கள் எண்களோடு நிறுத்தாமல் பசார், சிகாகோ, எவர்கிளேட்ஸ், சார்லட் என்ற ஊர்ப்பெயர்களையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். நாமும் வரும் பருவத்தில் ஐந்தாம் அலகிலிருந்து பாடத்தைத் தொடங்கலாம் என்றிருக்கிறோம்.